புது சீரியல் வந்தால் தோழிகளோடு வாதாடுவது எப்படி

நாங்கள் நாலு பேர், ஒரே ஹாஸ்டல் அறையில் மூன்று வருடம் இருந்தவர்கள். இப்போது ஆளுக்கொரு ஊர். கல்யாணம், வேலை, பிள்ளைகள் என்று எல்லாம் வந்த பிறகும் இன்றைக்கும் எங்களைத் தினமும் பேச வைப்பது சீரியல்தான். 2024 டிசம்பரில் சன் டிவியில் ‘எதிர்நீச்சல்’ சீரியலின் இரண்டாம் பாகமாக ‘எதிர்நீச்சல் தொடர்கிறது’ ஆரம்பித்தபோது ஒருத்தி, “ஜூன்ல முடிஞ்ச கதையை எதுக்குத் திரும்ப இழுக்கணும்?” என்றாள். இன்னொருத்தி, “அது எங்க முடிஞ்சுது, பாதியில நின்னுச்சு” என்றாள். பேச்சு வளர்ந்து, கடைசியில் ஒருத்தி நாலு நாள் யாரோடும் பேசவில்லை. ஒரு சீரியலுக்காக பதினைந்து வருட நட்பில் நாலு நாள் போனது எனக்கு உண்மையிலேயே வருத்தம். அதன் பிறகு நாங்களாகவே சில வழக்கங்களை வைத்துக்கொண்டோம். இப்போது முன்பைவிட அதிகமாகவே வாதாடுகிறோம், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. உங்களுக்கும் உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில், யார் எதுவரை பார்த்திருக்கிறார்கள் என்று கேட்டுவிடுங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் பாதி மனக்கசப்பு இதில்தான் தொடங்குகிறது. ஒருத்தி ராத்திரியே டிவியில் பார்த்துவிடுவாள், இன்னொருத்தி மறுநாள் பஸ்ஸில் போகும்போது போனில் பார்ப்பாள், மூன்றாமவள் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஆறு நாளுக்கும் சேர்த்துப் பார்ப்பாள். எங்களுக்குள் கணக்கு இதுதான்: தினமும் வருகிற சீரியல் என்றால் மறுநாள் மதியச் சாப்பாடு முடியும்வரை கதையைச் சொல்லக் கூடாது, ஞாயிற்றுக்கிழமை பார்ப்பவளிடம் திங்கட்கிழமைவரை வாயே திறக்கக் கூடாது. வெப் சீரிஸ் என்றால் எத்தனையாவது பகுதி என்று எண்ணைக் கேட்டுவிட்டுத்தான் பேச்சே. 2022 ஜூனில் ‘சுழல்’ வந்தபோது மொத்தம் 8 பகுதிகளையும் ஒரே ராத்திரியில் பார்த்துவிட்டு யார் குற்றவாளி என்பதை நான்தான் உளறினேன், அதை இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள், அவர்கள் கோபம் நியாயமானது.

அடுத்து, எதைப் பற்றிச் சண்டை என்று தெரிந்துகொள்ளுங்கள். இதுதான் முக்கியம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எதிர்நீச்சல் கதை தெரியாதவர்கள் குறைவு. ஆதி குணசேகரன் என்கிற பெரிய வீட்டு அண்ணன், தம்பிகள், அந்த வீட்டுக்கு வாழ வந்த நாலு பெண்கள். படித்தவர்கள்தான், ஆனால் வேலைக்குப் போகக் கூடாது, எதிர்த்துக் கேள்வி கேட்கக் கூடாது. மூத்தவள் ஈஸ்வரி, குணசேகரனின் மனைவி. இந்த ஈஸ்வரி ஏன் அந்த வீட்டைவிட்டு வெளியே போகாமல் அத்தனை நாள் பொறுத்துக்கொண்டாள் என்பதில்தான் எங்களுக்குள் மாதக்கணக்கில் வாக்குவாதம். தென்காசிக்காரி சொல்வாள், “அவ பண்றது தப்பு, இவ்ளோ படிச்சிட்டு இப்படி நிக்கிறா.” பேங்க்கில் வேலை பார்ப்பவள், “இல்லடி, ரொம்பச் சரியா எழுதியிருக்காங்க” என்பாள். நன்றாகக் கவனித்தால் ரெண்டு பேரும் ஒன்றுக்கொன்று எதிராகப் பேசவே இல்லை. ஒருத்தி ஈஸ்வரியின் நடத்தையைப் பற்றிப் பேசுகிறாள், இன்னொருத்தி அந்தப் பாத்திரம் எழுதப்பட்ட விதத்தைப் பற்றிப் பேசுகிறாள். தப்பு செய்கிற ஒருத்தியை ரொம்பச் சரியாக எழுத முடியும், நம் தெருவிலேயே அப்படி நாலு ஈஸ்வரிகள் இருக்கிறார்களே. இது புரிய எங்களுக்கு ஒன்றரை மாதம் ஆனது.

அதனால் இப்போது யாராவது “பிடிக்கல” என்றால் உடனே மறுத்துப் பேசுவதில்லை. பாத்திரம் செய்தது பிடிக்கவில்லையா, கதை போகிற போக்கு பிடிக்கவில்லையா, நடிப்பு பிடிக்கவில்லையா, இல்லை எடுத்த விதம் (அந்த மூன்று தடவை திரும்பிப் பார்க்கிற முகமும் இடி மாதிரிப் பின்னணி இசையும்) பிடிக்கவில்லையா என்று கேட்கிறோம். இந்த நாலையும் பிரித்தாலே பாதி சண்டை காணாமல் போய்விடும். மிச்சம் இருக்கிற பாதிதான் ருசியான சண்டை, அதைத் தாராளமாகப் போடுங்கள்.

போடும்போது காட்சியோடு போடுங்கள். “செம போர்”, “வேற லெவல்” இரண்டையும் வைத்துக்கொண்டு யாரும் யாரையும் எதையும் நம்ப வைக்க முடியாது. எந்தக் காட்சி, யார் என்ன சொன்னார்கள், அப்போது பக்கத்தில் நின்றவள் முகம் எப்படி இருந்தது, இதைச் சொன்னால் எதிராளி அந்தக் காட்சியைத் திரும்பப் போட்டுப் பார்ப்பாள். நான் அப்படித்தான் தோற்றிருக்கிறேன். பெண்களை அழவைத்தே ஓட்டுகிறார்கள் என்று நான் சொன்னதற்கு எங்களில் ஒருத்தி, மருமகள்கள் நாலு பேரும் அடுப்படியில் ஒருத்தியை ஒருத்தி கிண்டலடித்துச் சிரிக்கிற காட்சிகளாக எடுத்துச் சொன்னாள். திரும்பப் பார்த்தேன். அந்த வீட்டில் அவர்கள் வாய்விட்டுச் சிரிக்கிற ஒரே இடம் அடுப்படிதான் என்பது முதல் தடவை எனக்குத் தெரியவே இல்லை. போன் பண்ணி அவளிடமே சொன்னேன்.

இன்னொன்று, சீரியல் எப்படி எடுக்கப்படுகிறது என்று கொஞ்சம் தெரிந்துகொண்டு பேசினால் வாதம் நியாயமாக இருக்கும். வாரத்துக்கு ஆறு நாள், அரை மணி நேரத்தில் விளம்பரம் போக இருபது நிமிடச் சொச்சம் கதை. ஒரு பக்கம் ஒளிபரப்பு ஓட, இன்னொரு பக்கம் ஷூட்டிங்கும் டப்பிங்கும் நடந்துகொண்டே இருக்கும். நாடு முழுக்க 50,000-க்கும் மேற்பட்ட வீடுகளில் மீட்டர் வைத்து எடுக்கிற டிஆர்பி, அதாவது எதை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்கிற கணக்கு வாராவாரம் வியாழக்கிழமை வருகிறது, அதைப் பார்த்துக் கதையில் ஒரு டிராக்கை நீட்டுவதும் இன்னொன்றைச் சுருக்குவதும் உண்டு. அதனால் ஒரு நாள் பகுதியை வைத்து “கதையே இல்லை” என்று தீர்ப்புச் சொல்வது சரியில்லை. எதிர்நீச்சலை எடுக்கும் திருச்செல்வம்தான் 2003 முதல் 2009 வரை ‘கோலங்கள்’ எடுத்தார், அது 1500 பகுதிகளைத் தாண்டிப் போன கதை. அப்படிப்பட்ட ஓட்டத்துக்குத் தனி மூச்சு வேண்டும். புது சீரியல் என்றால் நாங்கள் இரண்டு வாரம் கொடுப்போம், பன்னிரண்டு பகுதி பார்த்துவிட்டுத்தான் அபிப்பிராயம். எட்டே பகுதியில் முழுதாக எடுத்து முடித்து மொத்தமாக வெளியிடுகிற வெப் சீரிஸுக்கு இந்தச் சலுகை கிடையாது, அதை முழுப் படம் மாதிரி கண்டிப்பாகவே பேசலாம். ரெண்டையும் ஒரே தராசில் வைத்து “அதைப் பாரு, இதைப் பாரு” என்று சொல்பவர்களோடுதான் எனக்கு ஒத்துப்போகாது.

ஆள் மாற்றம் பற்றி வாதம் வந்தால் கொஞ்சம் மெதுவாகப் போங்கள். 2023 செப்டம்பர் 8 அன்று, எதிர்நீச்சலில் குணசேகரனாக நடித்த மாரிமுத்து இறந்துபோனார். காலையில் இந்த சீரியலுக்கு டப்பிங் பேசப் போன இடத்தில் நெஞ்சுவலி வந்தது. குணசேகரன் என்றாலே அவர் முகம்தான், “இந்தாம்மா ஏய்” என்று அவர் கூப்பிடுகிற குரல் ஊரெல்லாம் பரவியிருந்தது. பிறகு அந்தப் பாத்திரத்துக்கு எழுத்தாளர் வேல ராமமூர்த்தி வந்தார். எங்களில் ஒருத்தி முதல் நாளே, “இவர் செட்டாகல” என்றாள். இன்னொருத்தி சட்டென்று உடைந்துவிட்டாள், அவளுடைய அப்பாவும் அதே மாதிரி திடீரென்று போனவர், மாரிமுத்துவைத் திரையில் காணாதது அவளுக்கு வேறொரு வலி. அன்றைக்கு நடிப்பை ஒப்பிட்டுப் பேசியது எங்கள் பிழை. இரண்டு மாதம் கழித்துப் பேசியபோது அதே பேச்சு நன்றாக இருந்தது: முன்னவரிடம் ஒரு எகத்தாளம் இருந்தது, திட்டும்போதே நமக்குச் சிரிப்பு வரும், புதியவரிடம் அது இல்லை, பார்வையிலேயே பயம் வருகிறது, அதனால் வீட்டின் காற்றே மாறிவிட்டது என்று பேங்க்காரி சொன்னாள். நான் இன்னும் மாரிமுத்து பக்கம்தான். ஆனால் அவள் சொன்னது உண்மை. புதுத் தொடரில் நாலு மருமகள்களில் ஒருத்தியான ஜனனியாக மதுமிதாவுக்குப் பதில் பார்வதி வந்தபோது அந்த அனுபவம் உதவியது, புது முகத்துக்கு ஒரு மாதம் கொடுத்துவிட்டுத்தான் பேசினோம்.

சொல்லவே கூடாத சில வார்த்தைகள் உண்டு. “இதெல்லாம் எப்படிடி பாக்கிற?”, “உன் டேஸ்ட்டே அப்படித்தான்”, “எங்க அம்மா பாக்குறதை நீ பாக்கிற”. இதில் எதுவும் சீரியலைப் பற்றியது இல்லை, எதிரே இருக்கிறவளைப் பற்றியது. அந்த நாலு நாள் பேசாமல் இருந்தவளுக்கு நான் சொன்னது இதில் முதலாவது வாக்கியம். அவள் கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட்டவள், விட வைக்கப்பட்டவள். தினமும் ராத்திரி அவள் அந்த நாலு மருமகள்களைப் பார்ப்பது பொழுதுபோக்குக்காக மட்டும் இல்லை என்பது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். வாதம் போகிற போக்கில் குரல் மாறினாலோ, வழக்கமாகப் பெரிய பெரிய மெசேஜ் போடுகிறவள் “சரி” என்று ஒற்றை வார்த்தையில் நிறுத்தினாலோ, சீரியலைக் கீழே வைத்துவிடுங்கள். மெசேஜ் அனுப்பாதீர்கள், போன் பண்ணுங்கள். “உனக்கு என்னடி ஆச்சு” என்று கேளுங்கள், குணசேகரன் எங்கேயும் போய்விட மாட்டார்.

வாதம் சூடாக இருந்தால் பந்தயம் கட்டிவிடுங்கள், அது நல்ல வழி. அடுத்த வாரம் கதை எங்கே போகும் என்று ஆளுக்கு ஒன்று எழுதிவைப்போம், தோற்றவள் அடுத்த சந்திப்பில் டீயும் வாழைக்காய் பஜ்ஜியும் வாங்கித் தர வேண்டும். ப்ரோமோ வந்த பிறகு எழுதினால் செல்லாது. ப்ரோமோவில் காட்டுகிற கன்னத்து அறை பாதி நாள் கனவாகவோ நினைப்பாகவோதான் இருக்கும் என்றாலும் செல்லாது.

எங்கே நிறுத்துவது என்பதும் முக்கியம். மூன்றாவது தடவை அதே காரணத்தைச் சொல்ல ஆரம்பித்தால் அன்றைக்கு அவ்வளவுதான். எங்களில் யாராவது “நாளைக்கு எபிசோட் பாத்துட்டுப் பேசுவோம்” என்று சொன்னால் மற்ற மூன்று பேரும் ஒத்துக்கொள்ள வேண்டும். மனம் மாறினால் அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள், “நீ சொன்னது சரி, நான்தான் கவனிக்கல” என்று சொன்னால் போதும். அப்படிச் சொல்கிறவளைப் பழைய பேச்சை எடுத்துக் குத்திக்காட்டக் கூடாது.

கதையைத் திரும்ப இழுத்தது சரியா என்பதில் நாங்கள் இன்னும் ரெண்டு, ரெண்டாகத்தான் இருக்கிறோம். வேலையை விட்டவள் தொடர வேண்டும் என்கிற பக்கம். போன வாரம் அவள் தன் பழைய சான்றிதழ்களை ஸ்கேன் பண்ண எங்கே போகலாம் என்று கேட்டாள், சொன்னேன். அப்புறம் ஒரு மணி நேரம் ஈஸ்வரியைப் பற்றித்தான் பேசினோம், அதில் ஒரு வாக்கியத்தில்கூட ஒத்துப்போகவில்லை.