குழலுக்கும் பியானோவுக்கும் இசைத்தாள் தெரிவுசெய்தல்: முதலில் இடது கையைப் பாருங்கள்

மேற்கத்தேயக் குழலுக்கும் பியானோவுக்குமான இசைத்தாள் ஒன்றைக் கையில் எடுத்ததும் குழல் வாசிப்பவரின் கண் தன்னுடைய வரிக்கே போகும். வன்னியில் இருப்பவர்கள் அந்தப் பழக்கத்தை விட்டு, பியானோவின் இடது கைக்குரிய வரியை முதலில் பார்ப்பது நல்லது. கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ ஒரு பாடசாலை மண்டபத்திலும் தேவாலயத்திலும் துணைக்குக் கிடைப்பது பெரும்பாலும் 88 கட்டைகள் கொண்ட பியானோ அல்ல, 61 கட்டைகள் கொண்ட கீபோர்ட்டே.

வழக்கமான 61 கட்டைக் கீபோர்ட்டின் மிகத் தாழ்ந்த சுரம், பாஸ் கிளெப்பின் (தாழ்ந்த சுரங்களுக்கான, வழக்கமாக இடது கைக்குரிய வரியின்) ஐந்து கோடுகளுக்குக் கீழே இரண்டாவது துணைக் கோட்டில் அமரும் சி ஆகும். அதற்கும் கீழே சுரங்கள் அடிக்கடி வருமாயின், அந்தத் தாளைத் தயங்காமல் ஒதுக்கிவிடலாம். ஸ்தாயியை மாற்றும் பொத்தான் இதற்கு உதவாது. கீழே கூடுதலாகக் கிடைக்கும் சுரங்களுக்கு ஈடாக மேலே உள்ள சுரங்களை அது பறித்துக்கொள்ளும்.

இந்த அளவுகோலுக்கு மிக நன்றாகப் பொருந்துவது 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதி இசை. ஹேண்டல் போன்ற இசையமைப்பாளர்கள் குழலுக்கு ஒரு வரியும் பாஸுக்கு (தாழ்ந்த சுரங்களுக்கு) ஒரு வரியும் மட்டுமே எழுதினார்கள். அந்தப் பாஸை வழமையாகச் செலோ என்ற பெரிய நரம்பு வாத்தியமும் சேர்ந்து வாசித்தது, செலோவின் மிகத் தாழ்ந்த சுரமும் மேலே சொன்ன அதே சி தான். வலது கைக்குரிய சுரங்களைப் பிற்காலப் பதிப்பாசிரியர்கள் நிரப்பியிருப்பதால், ஒரே சொனாட்டா (பல பகுதிகள் கொண்ட இசைப்படைப்பு) ஒரு பதிப்பில் எளிதாகவும் இன்னொன்றில் நெருக்கமான கோர்டுகளுடனும் (ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டங்களுடனும்) இருக்கும். துணை வாசிப்பவர் தேவாலயப் பாடல்களுக்குப் பழகியவராயின் எளிய பதிப்பையே வாங்க வேண்டும். ஹேண்டல் ரெக்கோர்டர் என்ற, நேராகப் பிடித்து ஊதும் குழலுக்கு எழுதிய எஃப் மேஜர் சொனாட்டாவும் குழலுக்கு வசதியான உயரத்தில் அமைவதால், தொடங்குவோர் அதையும் கருதலாம்.

பாக்கின் பெயரை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. பி.டபிள்யூ.வி. (பாக்கின் படைப்புகளின் பட்டியல் எண்) 1034, 1035 ஆகியவை மேற்சொன்ன பாஸ் வகையைச் சேர்ந்தவை, பி.டபிள்யூ.வி. 1030இல் கீபோர்ட் வாசிப்பவரின் வலது கை குழலுக்குச் சமமான தனிக்குரலாக ஓடுகிறது. அதற்குத் துணைவர் அல்ல, இன்னொரு தேர்ந்த கலைஞர் வேண்டும். 1898இல் பாரிஸ் இசைக்கல்லூரிப் போட்டிக்காக பிரெஞ்சு இசையமைப்பாளர் ஃபோரே எழுதிய ஃபான்டஸி என்ற குழல் படைப்பு, முழு அளவுப் பியானோவையும் பெடலையும் கருதி எழுதப்பட்டது. நல்ல பியானோ கிடைக்கும் நாளுக்கு அதை ஒத்திவைப்பதே என் கருத்து.

இதன் பின்னர் குழல் வரிக்கு வரலாம். சாதாரண மாணவர் குழலின் மிகத் தாழ்ந்த சுரம் நடு சி. அதிலிருந்து தொடங்கும் முதல் ஸ்தாயியில் குழலின் ஒலி இயல்பாகவே மென்மையானது. அந்த இடங்களில் பியானோவின் வலது கையும் அதே உயரத்தில் அடர்ந்த கோர்டுகளை வாசித்தால் குழல் கேட்காமல் போகும். மூச்செடுக்கும் இடங்களையும் பென்சிலால் குறித்துப் பாருங்கள். எட்டுப் பத்து மாத்திரைக் கட்டங்கள் ஓய்வின்றி ஓடினால், வாசிப்பவரின் வயதையும் பயிற்சியையும் கருதி முடிவெடுக்க வேண்டும். வயலினுக்கு எழுதியதைக் குழலுக்கு எடுத்துக்கொள்வோர், வயலின் நடு சிக்கும் கீழே ஜி வரை இறங்கும் என்பதை மறக்கக் கூடாது.

வாங்கும்போது பியானோ ஸ்கோரும் குழலுக்குரிய தனித்தாளும் இரண்டும் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். இலங்கைச் சட்டப்படி பதிப்புரிமை ஆசிரியர் இறந்து 70 ஆண்டுகள் வரை நீடிக்கிறது. ஆகவே பாக், ஹேண்டல், 1924இல் இறந்த ஃபோரே ஆகியோரின் பழைய பதிப்புகளை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம்; 1963இல் மறைந்த பிரெஞ்சு இசையமைப்பாளர் பூலாங்கின் குழல் சொனாட்டாவை விலைக்கே வாங்க வேண்டும். பழைய பதிப்புகளின் தாள் ஏ4ஐ விடப் பெரியதாக இருப்பதால், ஏ4இல் அச்சிட்டால் சுரங்கள் சிறுத்துவிடும். பியானோ ஸ்கோரை ஏ3இல் எடுத்து, மின்விசிறிக் காற்றில் பறக்காதபடி அட்டையில் ஒட்டிக்கொள்வது சிறந்தது.