நெடி அடிப்பதற்கு முன்னால் பேசி வைக்க வேண்டியது

குளச்சல் பக்கம் ஒரு ஐஸ் பிளாண்டில் நான் மெஷின் பார்த்துக்கொண்டிருந்த காலம். ராத்திரி இரண்டரை மணிக்கு குளிரூட்டும் அமோனியா திரவம் சேரும் தொட்டியான ரிசீவரிலிருந்து, அதன் அடியில் தங்கும் மெஷின் ஆயிலை இறக்கிக்கொண்டிருந்தவர், வால்வைத் திறந்து வைத்துவிட்டு, ஐஸ் ஏற்ற வந்த வண்டிக்காரர் கூப்பிட்டார் என்று வாசலுக்குப் போனார். ஒரு நிமிடம்கூட இருக்காது. அதற்குள் ஆயில் தீர்ந்து அமோனியா வர ஆரம்பித்துவிட்டது, அவரால் திரும்பி உள்ளே போக முடியவில்லை. வாட்ச்மேன் அண்ணன் முதலாளிக்கு போன் போட்டார், அவர் எடுக்கவில்லை, மறுபடி போட்டார், அப்புறம் முதலாளியின் தம்பிக்குப் போட்டார். இந்த நேரத்தில் ஒரு பையன் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு வால்வை மூடுகிறேன் என்று உள்ளே ஓடி வாசலிலேயே விழுந்தான். காலைப் பிடித்து வெளியே இழுத்தோம். பிழைத்துக்கொண்டான், ஆனால் பல மாதம் கண்ணில் நீர் வடிந்துகொண்டே இருந்தது. தீயணைப்பு வண்டி கடைசியில் வந்தது, அதுவும் எங்களில் யாரும் கூப்பிட்டு அல்ல, பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் கூப்பிட்டதால்.

அந்த பிளாண்டில் அவசரகாலத் திட்டம் என்று ஒரு ஃபைல் இருந்தது. ஆபீஸ் பீரோவில், பூட்டி.

அதனால் ஐஸ் பிளாண்ட், மீன் கம்பெனி, ரப்பர் பால் யூனிட், முந்திரி ஆலை என்று நம் குமரி மாவட்டத்தில் எதை நடத்தினாலும் சரி, முதலில் முடிவு செய்ய வேண்டியது ஒன்றுதான். ராத்திரி ஷிப்டில் இருக்கும் ஆள், யாரையும் கேட்காமல் மெஷினை நிறுத்தலாம், எல்லாரையும் வெளியே அனுப்பலாம், 101-க்கு போன் போடலாம். இதை முதலாளி தன் வாயால் எல்லார் முன்னிலும் சொல்ல வேண்டும். தவறாகக் கூப்பிட்டுவிட்டாலும் திட்டமாட்டேன் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாட்ச்மேன் அண்ணன் பயந்தது அமோனியாவுக்கு அல்ல, மறுநாள் காலையில் கேட்க வேண்டியிருக்கும் திட்டுக்கு.

"நம்மிடம் இருப்பது கொஞ்சம்தானே, இதற்கெல்லாம் திட்டமா" என்று கேட்பவர்கள் நிறைய பேர். 1989-இல் வந்த அபாயகர ரசாயன விதிகளில் அமோனியாவுக்கு விதி பொருந்த ஆரம்பிக்கும் அளவே பல பத்து டன், நம் ஊர் ஐஸ் பிளாண்டுகள் அதன் பக்கத்தில்கூட வராது. ஆனால் அந்த அளவு கணக்கு அரசுக்கு. ஒரு லிட்டர் திரவ அமோனியா வெளியே வந்தால் ஏறக்குறைய 850 லிட்டர் வாயுவாக விரியும், காற்றில் பத்து லட்சத்தில் 300 பங்கு கலந்திருந்தாலே உயிருக்கு ஆபத்து. சின்ன மெஷின் ரூமை நிரப்ப எத்தனை லிட்டர் வேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது? ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு பிளாண்ட் முழுவதும் நடந்து பாருங்கள், கூடவே பழைய ஆள் ஒருவரையும் புதிய ஆள் ஒருவரையும் கூட்டிக்கொள்ளுங்கள். பழைய ஆளுக்கு எந்த வால்வ் இறுகிக் கிடக்கிறது என்று தெரியும். புதிய ஆள் நாம் பார்த்துப் பார்த்துப் பழகிப்போனதைக் காட்டிக் கேட்பார். என்ன இருக்கிறது, எவ்வளவு, எங்கே, எதற்குப் பக்கத்தில் என்று எழுதுங்கள். அமோனியாவை யாரும் மறக்கமாட்டார்கள். மறந்துபோவது தரை கழுவ வைத்திருக்கும் பிளீச்சிங் பவுடர், ஜெனரேட்டர் டீசல், பேட்டரி ஆசிட், கேன்டீன் கேஸ் சிலிண்டர், ரப்பர் ஷீட் போடுகிற இடமென்றால் பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் ஆசிட். ஒவ்வொன்றுக்கும் சப்ளையரிடம் பாதுகாப்புத் தகவல் தாள் கேட்டு வாங்குங்கள், எம்.எஸ்.டி.எஸ். என்று கேட்டால் தெரியும். 16 பகுதி இருக்கும், எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டாம், முதலுதவி, சிந்தினால் என்ன செய்வது, எதோடு சேரக்கூடாது, இந்த மூன்றையும் தமிழில் எழுதி அந்தப் பொருள் இருக்கும் இடத்திலேயே ஒட்டுங்கள். வடமாநிலத் தம்பிகள் வேலை பார்க்கிறார்கள் என்றால் இந்தியிலும், கூடவே படமாகவும்.

எதோடு சேரக்கூடாது என்பதில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பிளீச்சிங் பவுடரும் ஆசிடும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். பிளீச்சிங் பவுடரும் அமோனியாவும் சேர்ந்தாலும் நெஞ்சை அடைக்கும் விஷ வாயுதான். நம் மீன் கம்பெனிகளில் இவை ஒரே ஸ்டோர் ரூமில், சில இடத்தில் ஒரே பலகையில் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். இன்றைக்கே பிரித்து வையுங்கள், இதற்குச் செலவு எதுவும் கிடையாது.

அடுத்தது காற்று. அமோனியா வாயு காற்றைவிட லேசானதுதான், ஆனால் குழாயிலிருந்து பீய்ச்சி வரும்போது மைனஸ் 33 டிகிரி குளிரில் வருவதால், ஈரக்காற்றோடு சேர்ந்து வெள்ளைப் புகையாகத் தரையை ஒட்டியே நகரும். கடற்கரையில் ஈரத்துக்கா பஞ்சம். அது மேலே போய்விடும் என்று நம்பிப் பக்கத்தில் நிற்காதீர்கள். கடலோரத்தில் பகலில் கடல் காற்று கரைக்கு வரும், ராத்திரியில் கரையிலிருந்து கடலுக்குப் போகும், ஆனி ஆடியில் கச்சான் என்கிற மேல்காற்று அடித்தால் இந்தக் கணக்கும் மாறிவிடும், ஆரல்வாய்மொழிப் பக்கம் என்றால் சொல்லவே வேண்டாம். ஆகவே ஒரே ஒரு இடத்தைக் கூடும் இடம் என்று எழுதி வைத்தால் வருஷத்தில் பாதி நாள் அது வாயு போகும் திசையிலேயே இருக்கும். எதிரெதிராக இரண்டு இடம் முடிவு செய்யுங்கள். மெஷின் ரூமிலிருந்தும் தெருவிலிருந்தும் தெரிகிற மாதிரி கூரைக்கு மேல் ஒரு கம்பத்தில் கலர் துணி கட்டுங்கள், ராத்திரியில் அதன்மேல் ஒரு விளக்கு எரியட்டும். துணி எந்தப் பக்கம் பறக்கிறதோ அந்தப் பக்கம் ஓடக்கூடாது. வாயுவுக்குள் மாட்டிக்கொண்டவர் காற்றுக்குக் குறுக்கே பக்கவாட்டில் விலகி, அப்புறம் காற்று வரும் திசைக்கு ஏறிப் போக வேண்டும். போபாலில் 1984 டிசம்பர் 2 ராத்திரி, என்ன வாயு, எந்தப் பக்கம் போவது என்று சுற்றியிருந்த ஜனங்களுக்கு யாரும் சொல்லி வைத்திருக்கவில்லை. இரண்டு வரியில் சொல்லி வைத்திருக்கக்கூடிய விஷயம் அது.

யார் என்ன செய்வது என்பதைப் பெயர் போட்டு எழுதாதீர்கள், வேலையைப் போட்டு எழுதுங்கள். பெயர் போட்டால் அந்த ஆள் கல்யாணத்துக்குப் போன அன்றுதான் குழாய் வெடிக்கும். மெஷின் ஆபரேட்டர் மெயின் சுவிட்சை அணைப்பார், அந்த சுவிட்சும் முக்கியமான வால்வும் மெஷின் ரூமுக்கு வெளியேயும் இருக்க வேண்டும், இல்லையென்றால் தெரிந்த ஆட்களைக் கூப்பிட்டு மாற்றுங்கள். வாசலில் நிற்பவர் போன் போடுவார். ஆட்களை எண்ண ஒருவர், இது ரொம்ப முக்கியம். யார் உள்ளே இருக்கிறார்கள் என்று தெரியாததால்தான் மனிதர்கள் தேடி உள்ளே போகிறார்கள், தேடிப் போனவர்களும் விழுகிறார்கள். மீன் வெட்ட வரும் அக்காமார், லோடு ஏற்றும் அண்ணன்மார், டிரைவர், டீ கொண்டுவரும் பையன் வரை உள்ளே வருகிற எல்லாருக்கும் வாசலில் ஒரு டோக்கன் பலகை வையுங்கள். உள்ளே போகும்போது மாட்டி, வெளியே வரும்போது எடுத்துக்கொண்டு போகட்டும். எண்ணுகிற வேலை ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

உள்ளே போவது பற்றிக் கண்டிப்பாக ஒரு விதி இருக்கட்டும். மூச்சுக் கருவி, அதாவது முதுகில் காற்று சிலிண்டர் மாட்டுகிற செட், இல்லாமல் யாரும் போகக்கூடாது, அது இருந்தாலும் தனியாகப் போகக்கூடாது, பழகாதவர் போகவே கூடாது. கொரோனா காலத்து மாஸ்க் வாயுவை நிறுத்தாது. ஈரத்துண்டு வெளியே ஓடி வருவதற்கு உதவும், அமோனியா தண்ணீரில் நன்றாகக் கரையும் என்பதால், ஆனால் அதை நம்பி உள்ளே போவது அந்தப் பையன் செய்த வேலை. செட் வாங்க முடியாத சின்ன பிளாண்ட் என்றால் வெட்கப்பட ஒன்றும் இல்லை. வெளியே வந்து, வெளியிலிருந்து மூட முடிந்ததை மூடி, தீயணைப்புத் துறைக்காகக் காத்திருப்பதுதான் உங்கள் திட்டம், அப்படியே எழுதி வையுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் நிறைய பேர் தப்பு செய்கிறார்கள். காற்றில் பரவும் வாயுமேல் தண்ணீரைத் தூவலாய் அடித்தால் அது வாயுவைக் கரைத்து இறக்கும். ஆனால் தரையில் தேங்கிய திரவ அமோனியாமேல் ஹோஸைத் திருப்பினால் தண்ணீரின் சூடு பட்டு இன்னும் வேகமாக ஆவியாகும். அப்புறம் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? ஓடைக்கு, ஓடையிலிருந்து குளத்துக்கோ காயலுக்கோ. அமோனியா கரைந்த தண்ணீரில் மீன் செத்து மிதக்கும். அதனால் கழிவுநீர் வாயை அடைக்க மண் மூட்டைகளைத் தயாராக, அந்த வாய்க்குப் பக்கத்திலேயே வையுங்கள்.

கண்ணிலோ தோலிலோ பட்டால் உடனே நல்ல தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும், இமையைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு. எலுமிச்சை, வினிகர் எதுவும் போடக்கூடாது. 15 நிமிடம் என்பது வலியில் இருப்பவருக்கு ரொம்ப நீளமான நேரம், கூட ஒருவர் நின்று கடிகாரம் பார்க்க வேண்டும். கரண்ட் போனாலும் தண்ணீர் வரும்படி உயரத்தில் தொட்டி வைத்த குழாய், மெஷின் ரூம் வாசலிலிருந்து சில எட்டில். கழுவிய பிறகுதான் ஆஸ்பத்திரி. போகும்போது அந்தத் தகவல் தாளின் நகலையும் கையில் கொடுத்து அனுப்புங்கள், ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆனாலும் பக்கத்து ஆஸ்பத்திரி ஆனாலும் டாக்டர் முதலில் கேட்பது என்ன பட்டது என்றுதான்.

ரப்பர் யூனிட் வைத்திருப்பவர்களுக்கு, ஆசிட் கேன் கவிழ்ந்தால் செய்வது. முதலில் கதவு ஜன்னலைத் திறந்து, மற்றவர்களை விலக்குங்கள். ரப்பர் கையுறை, கம்பூட்ஸ், கண்ணாடி போட்ட ஒருவர் மட்டும் கிட்டே போகட்டும். ஓரத்தில் மணலால் வரப்பு மாதிரி கட்டி, அப்புறம் வெளி ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சலவைச் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும். நுரைத்துப் பொங்கும், பொங்கல் அடங்கும்வரை பொறுமையாக இருக்க வேண்டும். மரத்தூள் போடக்கூடாது, பக்கத்தில் இருக்கிறதே என்று அமோனியா கலந்த ரப்பர் பாலையும் ஊற்றக்கூடாது. டீசல் சிந்தினால் தென்னை நார்த்தூள் நன்றாக உறிஞ்சும், நம் ஊரில் அதற்குக் குறைவே இல்லை. வாரி எடுத்ததை மூடியுள்ள டிரம்மில் போட்டு, என்ன, என்றைக்கு என்று எழுதி ஒட்டுங்கள். பஞ்சாயத்துக் குப்பையில் போடக்கூடாது, மாசு கட்டுப்பாட்டு வாரியம் அனுமதித்தவர்களிடம்தான் கொடுக்க வேண்டும். இன்னொன்று, ஃபார்மிக் ஆசிட் நாள்பட இருந்தால் உள்ளே வாயு சேர்ந்து கேன் உப்பும், மூடியை மெதுவாக, முகத்தைத் திருப்பிக்கொண்டு, வெளிக்காற்றில் திறக்கச் சொல்லுங்கள்.

போன் எண்களைப் பெரிய எழுத்தில் வாசலில் எழுதுங்கள்: தீயணைப்பு 101, ஆம்புலன்ஸ் 108, எல்லாவற்றுக்கும் 112, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. அதற்குக் கீழே பேச வேண்டியதையும் எழுதுங்கள், பதற்றத்தில் சொந்த ஊர்ப் பெயரே வராது. "அமோனியா கசிவு, இந்த இடம், இந்த ஜங்ஷனில் திரும்பணும், காற்று இந்தப் பக்கம் அடிக்கிறது, இத்தனை பேர் உள்ளே." நம் சந்துகளில் பெரிய வண்டி எந்த வழியாக வரும் என்று முன்கூட்டியே ஒருமுறை தீயணைப்பு நிலையத்துக்காரர்களையே கூப்பிட்டுக் காட்டுங்கள். வருவார்கள், கூப்பிட்டால் சந்தோஷப்படுவார்கள்.

அக்கம்பக்கத்து வீடுகளுக்குச் சொன்னால் பயந்து பிளாண்டையே மூடச் சொல்வார்கள் என்று பல முதலாளிகள் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை சொல்லாமல் மறைத்த இடத்தில்தான் கோபம் அதிகம். கடற்கரை ஊரென்றால் பங்குத்தந்தையிடமும் ஊர்க் கமிட்டியிடமும் பேசி, கசிவு என்றால் கோயில் மைக்கில் என்ன சொல்ல வேண்டும் என்று நாலு வரி எழுதிக் கொடுத்து வையுங்கள்: கதவு ஜன்னலை மூடு, ஈரத்துணியை இடுக்கில் வை, இந்தப் பக்கம் வராதே. ஒக்கி புயல் அடித்தபோது, 2017 நவம்பர் 30, கரண்டும் போன் டவரும் போய்விட்டதை யாரும் மறந்திருக்கமாட்டோம், அந்த மாதிரி நாளில் மணியும் கைச் சைரனும்தான் மிஞ்சும், கையால் சுற்றுகிற சைரன் ஒன்று வாங்கி வையுங்கள். 2021 நவம்பர் வெள்ளம் மாதிரி வந்தால் டிரம்கள் மிதந்து போகும், ஐப்பசி பிறக்கும் முன்னால் அவற்றை மேட்டில் ஏற்றிக் கட்டிவிட வேண்டும்.

அப்புறம் ஒத்திகை. வருஷத்துக்கு இரண்டு தடவை, அதில் ஒன்று கண்டிப்பாக ராத்திரியில், லைட்டை அணைத்துவிட்டு. முதல் தடவை கூத்தாகத்தான் இருக்கும், டோக்கன் எண்ணிக்கை இடிக்கும், சைரன் பீரோவுக்குள் இருக்கும், வடநாட்டுத் தம்பி எதிர்ப்பக்கம் ஓடுவான். ஒவ்வொன்றையும் எழுதி அடுத்த வாரத்துக்குள் சரி செய்யுங்கள்.

ஆயில் இறக்கும் வால்வ் பற்றி முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். கையை எடுத்தால் தானாக மூடிக்கொள்ளும் ஸ்பிரிங் வால்வ் கிடைக்கிறது. அந்த ராத்திரிக்கு அடுத்த மாதம் எங்கள் பிளாண்டில் அதைப் போட்டார்கள். இறக்கும்போது இரண்டு பேர், ஒருவர் கை வால்வில், இன்னொருவர் வாசலில், வண்டிக்காரர் கூப்பிட்டால் வாசலில் நிற்பவரும் போகக்கூடாது.