சார்ஜ் ஏறாத கார், தப்பு ஆல்டர்னேட்டரில் இல்லை

காசிமேட்டில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் என் பழைய கார் நிற்கும். ஒரே வாரத்தில் இரண்டு தடவை பேட்டரி இறங்கிவிட்டது. பார்த்த மெக்கானிக், இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரையே மாற்றச் சொன்னார். மனசு கேட்கவில்லை, மல்டிமீட்டரை எடுத்தேன். வெளியே சார்ஜ் போட்டு வந்த பேட்டரியில் 12.5 வோல்ட், இன்ஜின் ஓடும்போது 12.2, சார்ஜ் ஏறினால் 14 பக்கம் காட்ட வேண்டும். அப்புறம்தான் கவனித்தேன், சாவியை ஆன் செய்ததும் டேஷ்போர்டில் எரிய வேண்டிய பேட்டரி விளக்கு எரியவே இல்லை. என் வண்டி மாதிரி பழைய மாடல்களில் அந்த விளக்கு வழியாக வரும் சின்ன கரண்ட்தான் ஆல்டர்னேட்டருக்குள் சுழலும் ரோட்டர் சுருளில் முதல் காந்தத்தை உண்டாக்கும், அது வராவிட்டால் ஆல்டர்னேட்டர் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும்.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு (ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்குப் போகும் தடித்த பி பிளஸ் வயரில் எப்போதும் கரண்ட் இருக்கும், ஸ்பேனர் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும்) ஆல்டர்னேட்டரின் பின்பக்க சாக்கெட்டை உருவினேன். அந்த விளக்கிலிருந்து வரும் மெல்லிய எல் வயரின் முனை உப்புக்காற்றில் பச்சை பூத்து, தொட்டதும் கையோடு வந்துவிட்டது. கறுத்த பகுதியை வெட்டி, புது லக் (வயர் நுனியில் மாட்டும் உலோக முனை) வைத்து அழுத்தி மாட்டினேன். சாவி போட்டதும் விளக்கு எரிந்தது, இன்ஜின் பிடித்ததும் அணைந்தது. மீட்டரில் 14.2! ஹெட்லைட், ஏசி எல்லாம் போட்டும் 13.8க்குக் கீழே இறங்கவில்லை. வண்டி ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றிப் பார்க்கும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விடுங்கள், வோல்டேஜ் எகிறி, ஆல்டர்னேட்டருக்குள் கரண்டை ஒரே திசையில் விடும் டையோடு (diode) எரிந்துபோய்விடும்.