மீன்பிடி உரிமையைப் பங்கு போடுவது எப்படி

படகு கூடிக்கொண்டே போகிறது, படகுக்குக் கிடைக்கும் மீன் குறைந்துகொண்டே வருகிறது, டீசலும் கூலியும் போக கையில் ஒன்றும் நிற்பதில்லை. இப்படி ஒரு மீன்பிடித் தொழில் இருந்தால், அங்கே யாருக்கு எவ்வளவு என்பதை யாரும் முடிவு செய்யவில்லை என்று அர்த்தம். இன்று நான் விட்டுவைக்கும் மீனை நாளை பக்கத்துப் படகு அள்ளிவிடும் என்று தெரிந்தால் யார்தான் விட்டுவைப்பார்கள்? உரிமை அடிப்படையிலான மேலாண்மை, அதாவது யார் எவ்வளவு பிடிக்கலாம் என்பதை முன்கூட்டியே உரிமையாகப் பிரித்துக் கொடுக்கும் முறை, இந்தக் கேள்விக்குத்தான் பதில் தேடுகிறது. அதை அமைக்க நினைக்கும் சங்கமோ அரசுத் துறையோ எதை முதலில் செய்ய வேண்டும், எங்கே அவசரப்படக் கூடாது என்பதைச் சொல்கிறேன்.

பலன் எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்ள அலாஸ்காவின் ஹாலிபட் மீன்பிடிப்பைப் பாருங்கள். 1990களின் தொடக்கத்தில் அங்கே முக்கியமான பகுதிகளில் ஆண்டுக்கு இரண்டு மூன்று நாள்தான் கடல் திறந்திருக்கும். ஒவ்வொரு முறையும் திறக்கும் அந்த 24 மணி நேரத்தில் புயல் அடித்தாலும் போயாக வேண்டும், தூண்டில் கயிறுகள் ஒன்றோடொன்று சிக்கி அறுந்து கடலிலேயே கிடக்கும், எல்லாப் படகும் ஒரே நேரத்தில் கரைக்கு வருவதால் மீனை உறைய வைத்துக் கிடைத்த விலைக்குத் தள்ள வேண்டும். 1995இல் ஆளுக்கு ஒரு பங்கு என்று பிரித்த பிறகு பருவம் எட்டு மாதமாக நீண்டது. என் பங்கு எனக்கு இருக்கிறது, ஓட வேண்டியதில்லை என்றானதும் வானிலை பார்த்து, சந்தை பார்த்துப் போனார்கள். மீன் புதிதாகவே விற்றது. லாபம் வந்தது அதிக மீன் பிடித்ததால் இல்லை, ஓட்டப்பந்தயம் நின்றதால்.

சரி, முதல் வேலை: ஆண்டுக்கு மொத்தம் எவ்வளவு பிடிக்கலாம் என்ற அளவை முடிவு செய்வது. இது தப்பானால் மற்றதெல்லாம் வீண். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் காட் மீனுக்கு மொத்த அளவும் இருந்தது, பங்கும் பிரித்திருந்தார்கள், ஆனால் கடலில் இருக்கும் மீனை அதிகமாகக் கணக்கிட்டுவிட்டார்கள். இழுவைப் படகுகளுக்கு மீன் தொடர்ந்து நன்றாகக் கிடைத்ததும் அதற்கு ஒரு காரணம். மிச்சமிருந்த மீன் ஓரிடத்தில் கூட்டமாகச் சேர்ந்திருந்ததும், அந்த இடத்தைக் கருவிகள் காட்டிக்கொடுத்ததும் கணக்கில் ஏறவே இல்லை. 1992இல் மீன்பிடிப்பையே மூட வேண்டியதாயிற்று, பல்லாயிரம் பேர் வேலை இழந்தார்கள். ஆகவே ஒரு பயணத்துக்கு எவ்வளவு மீன் என்பதை மட்டும் நம்பாதீர்கள். கரைக்கு வரும் மீனின் சராசரி நீளம் குறைகிறதா, சினை பிடிக்கும் முன்பே எவ்வளவு மீன் மாட்டுகிறது, படகுகள் முன்பைவிடத் தொலைவு போகின்றனவா, இவற்றையும் ஆண்டுதோறும் எழுதி வையுங்கள். சந்தேகம் இருந்தால் குறைந்த அளவையே எடுங்கள்.

அடுத்து, உரிமை எதன் மீது? எல்லா மீனுக்கும் எடைக் கோட்டா, அதாவது ஆளுக்கு இத்தனை எடை மீன் என்ற பங்கு, சரிவராது. ஓரிடத்தில் ஒட்டி வாழும் சிப்பி, நத்தை வகைகளுக்குக் கடல் பகுதியையே ஒரு குழுவுக்குக் கொடுப்பது நல்லது. சிலி நாடு 1991இல் சட்டம் கொண்டுவந்து, லோகோ என்ற நத்தைக்காக சிறு மீனவர் சங்கங்களுக்கு இப்படித்தான் பகுதி பகுதியாகக் கொடுக்க வழிசெய்தது. நாடு நாடாகச் சுற்றும் சூரைக்கு அது உதவாது. அதனால் பசிபிக்கில் சூரையைக் கூட்டாக நிர்வகிக்க நவுரு உடன்படிக்கையில் சேர்ந்த எட்டுத் தீவு நாடுகள் மீன்பிடி நாட்களை அளந்து விற்கின்றன. நாட்களை விற்பதில் ஒரு சிக்கல் உண்டு: இயந்திரமும் வலையும் பெரிதாகப் பெரிதாக ஒரு நாளில் பிடிக்கும் மீன் ஏறிக்கொண்டே போகும், நாட்களின் எண்ணிக்கையை அதற்கேற்பக் குறைக்காவிட்டால் கட்டுப்பாடு காகிதத்தில்தான் இருக்கும். ஒரே வலையில் இருபது முப்பது வகை மீன் விழும் இடத்தில் ஒவ்வொன்றுக்கும் தனிக் கோட்டா வைத்தால் யாராலும் கணக்குப் பார்க்க முடியாது, அங்கே பகுதியோ நாட்களோதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

எடைக் கோட்டா என்று முடிவானால், பங்கை டன்னில் எழுதிக் கொடுக்காதீர்கள், மொத்தத்தில் இத்தனை சதவீதம் என்று எழுதுங்கள். நியூசிலாந்து 1986இல் கோட்டா முறையைத் தொடங்கியபோது டன் கணக்கில்தான் கொடுத்தது. அப்புறம் ஆரஞ்சு ரஃபி மீன் நூறு ஆண்டுக்கு மேல் வாழ்வது, மிக மெதுவாகப் பெருகுவது எல்லாம் தெரிய வந்து அளவைக் குறைக்க வேண்டி வந்தது. டன்னில் கொடுத்த உரிமையைக் குறைக்க வேண்டுமென்றால் அரசு காசு கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டும். அந்தச் செலவு கட்டுப்படியாகாமல் 1990இல் சதவீதத்துக்கு மாறினார்கள். சதவீதமாக இருந்தால் மீன் பெருகும்போது எல்லோருக்கும் கூடும், குறையும்போது எல்லோருக்கும் குறையும், மீனைக் காப்பதில் பங்குதாரருக்கே அக்கறை வரும்.

இப்போது முக்கியமான இடம்: யாருக்குக் கொடுப்பது? இதற்கு எவ்வளவு நாள் ஆனாலும் பரவாயில்லை, இதில் செய்யும் அநியாயத்தைப் பின்னால் சரிசெய்வது மிகக் கடினம். வழக்கமான வழி, பழைய பிடிப்பைப் பார்த்துப் படகு உரிமையாளருக்குக் கொடுப்பது. ஐஸ்லாந்து 1984இல் முந்தைய மூன்று ஆண்டுகளின் பிடிப்பை வைத்துக் கொடுத்தது, பிறகு அதைத் தாராளமாக விற்கவும் விட்டது. தொழில் லாபத்துக்கு வந்தது உண்மைதான். ஆனால் அதே படகில் உழைத்தவர்களுக்கு உரிமை எதுவும் இல்லை. உரிமையாளர் கோட்டாவை விற்றால் கடற்கரைக் கிராமமே வேலை இழந்து நின்றது. 2007இல் ஐநா மனித உரிமைக் குழு அந்த முறை பாரபட்சமானது என்று இரண்டு மீனவர்களின் முறையீட்டில் கருத்துச் சொன்னது. எனக்கு இதில் சந்தேகமே இல்லை: பொதுக் கடலில் உள்ள மீனை இலவசமாகச் சிலருக்கு எழுதி வைத்துவிட்டு அதைத் திறமையான மேலாண்மை என்று மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது.

அதனால் ஒரு பகுதியைப் பிடிப்பு வரலாற்றுக்கும், ஒரு பகுதியை எல்லோருக்கும் சமமாகவும், ஒரு பகுதியைக் கிராமங்களுக்கும் புதிதாக வருபவர்களுக்கும் ஒதுக்குங்கள். இது நடக்காத காரியம் இல்லை. அலாஸ்காவை ஒட்டிய பெரிங் கடலில் பிடிக்கும் பொலாக் மீனில் ஒரு பங்கை 1992 முதல் மேற்கு அலாஸ்காவின் கடலோரக் கிராமங்களுக்கென்றே தனியாக வைத்திருக்கிறார்கள், இன்று அதில் 65 கிராமங்கள் இருக்கின்றன. இன்னொன்று, வரலாற்றைக் கணக்கிடும் ஆண்டுகள் ஏற்கெனவே முடிந்த ஆண்டுகளாக இருக்கட்டும். வரும் ஆண்டின் பிடிப்பைப் பார்ப்போம் என்று அறிவித்தால், பங்கு பெருக வேண்டுமே என்று அந்த ஒரே ஆண்டில் கடலைத் துடைத்துவிடுவார்கள்.

விற்கலாமா என்று கேட்டால், விற்கலாம், வரம்போடு. ஒருவர் கையில் இத்தனை சதவீதத்துக்கு மேல் சேரக் கூடாது என்று வையுங்கள். அலாஸ்கா ஹாலிபட்டில் புதிதாகப் பங்கு வாங்குபவர் பெரும்பாலும் தானே படகில் இருக்க வேண்டும். குத்தகையைக் கட்டுப்படுத்தாவிட்டால், கரையில் உட்கார்ந்திருப்பவருக்கு மீன் விலையில் பெரும்பகுதி குத்தகையாகப் போய், மிச்சத்தில்தான் உழைப்பவர் கூலி பார்க்க வேண்டியிருக்கும்.

கண்காணிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இறங்குதளத்தில் எடை போட வேண்டும், மீன் வாங்கும் வியாபாரியும் தனியாகக் கணக்குக் கொடுக்க வேண்டும், இரண்டையும் ஒப்பிட வேண்டும். கோட்டா முறையில் பெரிய திருட்டு கடலிலேயே நடக்கும்: சின்ன மீனை, விலை போகாத மீனை வீசிவிட்டுப் பெரியதை மட்டும் கொண்டுவருவார்கள். அதற்குக் கேமராவோ, படகில் பார்வையாளரோ வேண்டும். கோட்டாவைத் தாண்டிப் பிடித்தால் நியூசிலாந்தில் ஒரு தொகை கட்ட வேண்டும். அந்தத் தொகை மிகக் கூடினால் மீனைக் கடலில் வீசுவார்கள், மிகக் குறைந்தால் வேண்டுமென்றே கூடுதலாகப் பிடிப்பார்கள், அதனால் ஒவ்வொரு மீனுக்கும் தனித்தனியாக யோசித்து வைக்க வேண்டும். இந்தச் செலவை மீன்பிடிப்பவர்களிடமே வாங்கலாம். அமெரிக்கச் சட்டம் இறக்கும் மீனின் மதிப்பில் 3 சதவீதம் வரை வசூலிக்க அனுமதிக்கிறது.

கடைசியாக, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை விதிகளைத் திரும்பப் பார்ப்போம், எதையெல்லாம் மாற்ற முடியும் என்பதைப் பங்கு கொடுப்பதற்கு முன்பே எழுத்தில் போட்டுவிடுங்கள். பங்குக்கு விலை வந்து, அதன் மேல் வங்கிக் கடனும் ஏறிய பிறகு விதியை மாற்றினால், முதலில் இலவசமாக வாங்கி விற்றவர் எப்போதோ போயிருப்பார், கடன் வாங்கிப் பங்கு வாங்கிய இளைஞர்தான் மாட்டுவார்.