நானோ திரவச் சோதனைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பினாங்கில் நான் பணிபுரியும் ஆய்வுக்கூடத்துக்கு ஆண்டுதோறும் இறுதியாண்டு மாணவர்கள் சிலர் வருகிறார்கள். பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் கனவு பலருக்கும் இருப்பதால், சிப்புகளைக் குளிர்விக்கும் நானோ திரவத்தையே, அதாவது அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) போன்ற நானோ அளவுப் பொடி கலந்த நீரையே, தலைப்பாகக் கேட்கிறார்கள். சென்ற மாதம் ஒரு மாணவர் பெருமிதத்துடன் நீட்டிய வரைபடம், பத்தாண்டுகளுக்கு முன் நானே தவறாக வரைந்ததன் நகலைப் போல் இருந்தது. குவளையைக் கழுவுவது, வெப்பமானியைச் சரிபார்ப்பது போன்றவற்றை இங்கே நான் சொல்லப் போவதில்லை.

எடையா, கன அளவா?

“1 விழுக்காடு அலுமினா” என்று மட்டும் குறிப்பேட்டில் எழுதி வைப்பவர், ஆறு மாதம் கழித்துத் தம் எழுத்தையே நம்ப முடியாமல் தவிப்பார். அலுமினாவின் அடர்த்தி நீரைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு என்பதால், எடையில் 1 விழுக்காடு என்பது கன அளவில் கால் விழுக்காடுதான். கோட்பாட்டுச் சமன்பாடுகள் கேட்பது கன அளவை.

ஒரே ரெனால்ட்ஸ் எண்ணில் ஒப்பிடுவது

இதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. நீரையும் நானோ திரவத்தையும் ஒரே ரெனால்ட்ஸ் எண்ணில் (பாய்வின் தன்மையைக் குறிக்கும் எண்) ஓடவிட்டு, வெப்பப் பரிமாற்றக் கெழு, அதாவது திரவம் வெப்பத்தை வாங்கிச் செல்லும் திறனின் அளவு, உயர்ந்துவிட்டது என்று அறிவிப்பது நியாயமான ஒப்பீடு போலத் தோன்றும். ஆனால் அந்த எண், வேகத்தையும் அடர்த்தியையும் குழாய் விட்டத்தையும் பெருக்கி, பாகுநிலையால், அதாவது திரவத்தின் தடிப்பால், வகுத்துக் கிடைப்பது. பொடி கலந்த நீர் தடித்துப்போவதால், அதே எண்ணை எட்ட அதை வேகமாகத் தள்ள வேண்டியிருக்கிறது. பிறகு அந்த வேகம் தந்த பலனையும் பொடியின் கணக்கில் வரவு வைத்துவிடுகிறோம்.

கன அளவில் 1 விழுக்காடு அலுமினா கலந்த எங்கள் மாதிரியில் பாகுநிலை 25 விழுக்காடும், அடர்த்தியும் வெப்பக் கடத்துதிறனும் தலா 3 விழுக்காடும் கூடியிருந்தன. கொந்தளிப்பான பாய்வுக்குரிய வழக்கமான சமன்பாட்டில் இவற்றை இட்டால், ஒரே ரெனால்ட்ஸ் எண்ணில் கெழு ஏறத்தாழ 10 விழுக்காடு உயர்கிறது. ஆனால் அதற்குத் திரவம் 21 விழுக்காடு வேகமாக ஓட வேண்டும். பம்பு செலவிடும் ஆற்றலோ 80 விழுக்காட்டுக்கும் மேல் கூடிவிடும். வேகத்தைச் சமமாக வைத்துப் பார்த்தால், கெழு நீரைவிட 6 விழுக்காடு குறைந்தே போகிறது.

அந்த 10 விழுக்காட்டை முகப்பில் போட்டு நான் தயாரித்த அறிக்கையைப் படித்த தொழிற்சாலைப் பொறியாளர் ஒருவர், “பம்பு எவ்வளவு மின்சாரம் இழுத்தது, தம்பி?” என்று மட்டும் கேட்டார். அழுத்த வீழ்ச்சியை நான் அளக்கவே இல்லை. குழாயின் இரு முனையிலும் அழுத்தமானி பொருத்தி எல்லாவற்றையும் மறுபடி அளக்க நான்கு மாதம் ஆனது. பழைய பொடி கட்டிதட்டிப் போயிருந்ததால் புதிதாகவும் வாங்க வேண்டியதாயிற்று. ஆகவே முதல் நாளிலேயே அழுத்தமானியைப் பொருத்துங்கள். ஒப்பீட்டைச் சமமான பம்பு ஆற்றலில் செய்யுங்கள்.

அதிசயத்தை எதிர்பார்ப்பது

அமெரிக்காவின் ஆர்கோன் தேசிய ஆய்வகத்தைச் சேர்ந்த ஸ்டீபன் சோய் 1995-இல் நானோ திரவம் என்ற பெயரை முன்வைத்தபின், நம்ப முடியாத கடத்துதிறன் உயர்வுகள் பலவும் வெளியாயின. ஒரே மாதிரிகளை உலகெங்கும் 30-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அளந்து பார்த்து 2009-இல் வெளியிட்ட முடிவு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் இயற்பியலாளர் மேக்ஸ்வெல் தந்த கோட்பாட்டின் வழிவந்த கணக்கே போதும் என்று காட்டியது. அக்கணக்கின்படி, உருண்டைத் துகள்கள் கன அளவில் 1 விழுக்காடு இருந்தால் ஏறத்தாழ 3 விழுக்காடு உயர்வுதான் கிடைக்கும். உங்களுக்கு 20 கிடைத்தால், முதலில் அளவுகருவியைச் சந்தேகியுங்கள். கடத்துதிறனை அளக்கத் திரவத்துக்குள் விட்டுச் சூடேற்றும் ஊசியைச் சுற்றியுள்ள திரவம் சூடேறி மேலெழுந்து சுழலத் தொடங்கினால் அளவு கூடுதலாகவே காட்டும்.

நானோ என்றால் எல்லா விதியும் மாறும் என்பது

இயல்பான அழுத்தத்தில் காற்று மூலக்கூறு ஒன்று அடுத்த மோதலுக்கு முன் கடக்கும் சராசரித் தொலைவு ஏறத்தாழ 68 நானோமீட்டர் என்பதால், 100 நானோமீட்டர் அகலமுள்ள வழியில் காற்றுக்கு வழக்கமான பாய்வுச் சமன்பாடுகள் தடுமாறும். அதே வழியில் நீருக்கு அவை பொருந்தும்.

பால்போல் வெண்மையாக இருப்பதை நிலைப்பு என்று நம்புவது

மறுநாள் காலை குப்பியின் அடியில் பொடி படிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பம்பைக் கழுவாமல் விடுவது

அலுமினா, உப்புத்தாளில் ஒட்டப்படும் தேய்க்கும் பொடி; பம்பின் உட்புறத்தையும் தேய்த்துவிடும்.