தேனீக்கூடு செய்து வைத்தும் காலியாகவே கிடக்கிறதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேனீக்களுக்கு வீட்டிலேயே கூடு செய்வது எப்படி என்று இணையத்தில் தேடினால் வரும் படங்களில் பெரும்பாலானவை குளிர்நாடுகளுக்கானவை. அவற்றை அப்படியே பார்த்துச் செய்து மொட்டைமாடியில் வைத்தால் கூடு காலியாகவே கிடக்கும், இல்லையென்றால் குடிவந்த தேனீயின் புழுக்கள் வெந்து சாகும்.

தொடக்கத்திலேயே நேரும் தவறு, இந்தப் பக்கம் இல்லாத தேனீக்கு வீடு கட்டுவது. உடலெங்கும் மயிரடர்ந்த பம்பிள்பீ இந்தியாவில் இமயமலையிலும் வடகிழக்கு மலைகளிலும்தான் வாழ்கிறது. அதற்கென்று பஞ்சு வைத்து நம் தோட்டத்தில் புதைக்கும் பெட்டியில் எறும்போ எலியோதான் குடியேறும். அவரைப் பந்தலில் ரீங்காரமிடும் பெரிய கரிய 'வண்டை'ப் பலர் பம்பிள்பீ என்று நினைத்துவிடுகிறார்கள். அது தச்சுத் தேனீ. தக்காளி, கத்தரிப் பூக்களை அதிரவைத்து மகரந்தத்தை உதிர்க்கும் வேலையை இங்கே செய்வது இந்தத் தச்சுத் தேனீயும் நீலப்பட்டைத் தேனீயும்தான். கூடு வைப்பதானால் இவற்றுக்கும், ரோஜா இலையை வட்டமாக நறுக்கிச் செல்லும் இலைவெட்டித் தேனீக்கும் வைக்கலாம். மூன்றுமே தனித்தேனீக்கள். ராணி, வேலைக்காரி என்ற குடும்பம் கிடையாது. தாய் ஒருத்தியே குழாய்க்குள்ளோ மண்ணுக்குள்ளோ அறை அறையாகக் கட்டி, ஒவ்வொன்றிலும் மகரந்த உருண்டை வைத்து ஒரு முட்டையிட்டு மூடிவிட்டுப் போய்விடுவாள்.

துளையில் நடக்கும் குளறுபடி

கைக்குக் கிடைத்த மூங்கிலையெல்லாம் வெட்டி அடுக்குவதில்தான் பாதிக் கூடுகள் வீணாகின்றன. இலைவெட்டித் தேனீக்கு உள்விட்டம் 6 முதல் 9 மில்லிமீட்டர் வேண்டும். தச்சுத் தேனீக்கு 12 முதல் 18 வரை. அதற்கு மேல் அகலமான குழாயில் பல்லியும் கரப்பானும் தங்கும். முற்றிய கல்மூங்கில் நடுவில் கெட்டியாக இருப்பதால் அது உதவாது. சிறு துளைக்கு மூங்கிலின் பக்கக் கிளைகளோ காய்ந்த நாணல் தண்டோ பொருத்தம். சிற்றெறும்பைவிடச் சற்றே பெரிய குட்டித் தச்சுத் தேனீக்குத் துளையே வேண்டாம். கவாத்து செய்த மயிற்கொன்றைத் தண்டுகளை முனை ஒடிந்தபடி செடியிலேயே விட்டுவைத்தால், நடுவிலுள்ள நெட்டியைத் தானே குடைந்துகொள்ளும்.

ஆழத்தில் கஞ்சத்தனம் கூடாது. தாய்த் தேனீ பெண் முட்டைகளைக் குழாயின் உட்கோடியிலும் ஆண் முட்டைகளை வாய்ப்பக்கமும் இடுகிறது. 5, 6 சென்டிமீட்டர் குழாய் கொடுத்தால் பிறப்பதில் பெரும்பங்கு ஆணாகிவிடும், அடுத்த முறை கூடு கட்ட ஆள் இருக்காது. அதனால் 15 சென்டிமீட்டர் கொடுங்கள். பின்பக்கம் மூடியிருப்பதும் அவசியம். மூங்கிலைக் கணுவை ஒட்டி வெட்டினால் கணுவே சுவராகிவிடும். இருபுறமும் திறந்த குழாயில் காற்றும் வெளிச்சமும் புகுவதால் தேனீ எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும்.

வெட்டிய வாயில் சிலாம்பு நின்றால் சிறகு கிழியும். ஹாக்ஸா பிளேடால் வெட்டி, உப்புத்தாளைக் குச்சியில் சுற்றி உள்ளேயும் தேய்க்க வேண்டும். மரக்கட்டையில் டிரில் போடுகிறவர்கள், மரம் அறுபட்ட முனைப்பக்கத்தில் துளையிட்டால் வெயிலில் அது வெடித்து, விரிசல் வழியே ஒட்டுண்ணிக் குளவி நுழையும். பக்கவாட்டில் ரேகைக்குக் குறுக்காகத் துளையிடுங்கள். துளைக்குத் துளை 2 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கட்டும். பிளைவுட் மழையில் உப்பிவிடும். பிளாஸ்டிக் ஸ்ட்ரா அதைவிட மோசம்: ஈரம் வெளியேற வழியில்லாமல் மகரந்த உருண்டை பூசணம் பிடித்து, புழு அதிலேயே சாகும்.

மூங்கில் உளுத்துப்போகாமல் காக்க மருந்தில் முக்காதீர்கள், வார்னிஷும் பூசாதீர்கள். வெட்டிய மூங்கிலை இரண்டு மூன்று வாரம் தண்ணீரில் ஊறப்போட்டு மாவுச்சத்து இறங்கியபின் நிழலில் உலர்த்தும் பழைய முறையே இதற்குப் போதும்.

வெயிலும் மழையும்

கூட்டைத் தெற்கு பார்த்து, நாள் முழுக்க வெயில் படும்படி வைக்கச் சொல்வார்கள். அது குளிர்நாட்டுக் கணக்கு. சித்திரை வெயிலில் மாடிச்சுவரில் அப்படி வைத்தால் அது அடுப்பு. காலை வெயில் பட்டு, பத்து பதினொரு மணிக்கு மேல் நிழல் விழும் கிழக்குப் பக்கமே சரி. ஆனால் வடகிழக்குப் பருவமழையின் சாரல் அடிப்பதும் அதே பக்கத்திலிருந்துதான். ஆகவே சன்ஷேடுக்கு அடியில் வையுங்கள், அல்லது கூரையை முன்னால் 12 சென்டிமீட்டராவது நீட்டிவிடுங்கள். குழாய்களின் வாய் இம்மி அளவு கீழே சாய்ந்திருந்தால் உள்ளே தண்ணீர் தேங்காது. கயிற்றில் கட்டித் தொங்கவிடுவது பார்க்க அழகுதான். ஆடுகிற குழாயைத் தேனீ விரும்பாது. சுவரிலோ கம்பத்திலோ அசையாதபடி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் பொருத்துங்கள். டியூப்லைட் பக்கத்தில் மட்டும் வேண்டாம், இரவெல்லாம் பல்லி அங்கேயே காவல் இருக்கும்.

எறும்புதான் நம் ஊரின் பெரிய எதிரி. கூடு சுவரைத் தொட்டால் எறும்பைத் தடுக்க வழியே இல்லை. இரும்பு எல்-கிளாம்பில் தள்ளி நிறுத்தி, கிளாம்பைச் சுற்றித் துணி கட்டி அதில் கிரீஸ் தடவுங்கள். குழாய் வாயருகே கிரீஸ் பட்டால் தேனீயே ஒட்டிக்கொள்ளும். செடிக்கிளை எதுவும் கூட்டை உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வைத்தபின் செய்யும் தவறுகள்

இருநூறு துளைகளோடு மாளிகை கட்டுவது படம் எடுக்கத்தான் நன்றாக இருக்கும். ஒட்டுண்ணிக் குளவிகளும் பூசணமும் ஒரே இடத்தில் பெருகும். இருபது முப்பது குழாய்கள் கொண்ட சிறு கட்டுகளாகப் பிரித்துத் தோட்டத்தின் நாலு மூலையில் வைப்பது மேல்.

வாய் அடைபட்ட குழாயைக் குத்திப் பார்க்காதீர்கள். இலைத்துண்டு அடைப்பு என்றால் இலைவெட்டித் தேனீ. பிசின் அடைப்பு பிசின் தேனீயுடையது. மண் அடைப்பு சில தேனீக்களுடையதாகவும் இருக்கலாம், குளவியுடையதாகவும் இருக்கலாம். குளவி என்று தெரிந்தாலும் எடுத்தெறிய வேண்டாம், அது குஞ்சுக்குப் பிடித்து வைப்பது பெரும்பாலும் செடி தின்னும் புழுக்களைத்தான். அடைத்த தேதியைக் குழாயில் பென்சிலால் எழுதிவையுங்கள். நம் வெப்பத்தில் பல கூடுகள் ஓரிரு மாதத்தில் திறந்துவிடும். சில அடுத்த பருவம்வரை உறங்கும். திறந்து காலியான குழாயை எரித்துவிட்டுப் புதிது செருகுங்கள். ஓராண்டாகியும் திறக்காததையும் அப்படியே செய்யுங்கள். மரக்கட்டைத் துளையானால் உள்ளே காகிதச் சுருள் வைத்துவிட்டால் அதை மட்டும் உருவி மாற்றலாம்.

கூடு வைத்த வீட்டிலேயே ரோஜா இலையில் வட்ட வெட்டைப் பார்த்ததும் பூச்சிமருந்து அடிப்பதும் நடக்கிறது! அந்த வெட்டு கூட்டுக்குப் போன சுவர்த்துணுக்கு, செடிக்கு அதனால் கேடில்லை.

நீலப்பட்டைத் தேனீ எந்தக் குழாய்க்கும் வராது. அது மண்ணில் குடைவது. தோட்டம் முழுக்க சிமென்ட் போடாமல், மழை படாத ஓரத்தில் செம்மண்ணும் மணலும் பிசைந்த மண்கட்டி ஒன்றை வையுங்கள். சிமென்ட் கலக்காதீர்கள். நகத்தால் கீறினால் மண் உதிர வேண்டும், அந்தப் பதம்தான் அதற்குத் தேவை.

கொசுத்தேனீயும் குழாய்க்கூட்டுக்கு வராது. அது கூட்டமாக வாழ்வது, அதற்குப் பொந்து வேண்டும். ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் கொள்ளும் பெட்டியை 2 சென்டிமீட்டர் தடித்த பலகையில் செய்து, 8 மில்லிமீட்டர் வாசல் ஒன்று மட்டும் விடுங்கள். மெல்லிய பலகையில் சூடேறி உள்ளே மெழுகு இளகும். வாசலைச் சுற்றிப் பழைய கொசுத்தேனீக்கூட்டின் மெழுகுப் பிசினைத் தடவினால் புதுக் கூட்டம் தேடி வர வாய்ப்பு கூடும்.