பழைய போர்ஷே பாக்ஸ்டர், கேமன்: பாலக்காட்டுக் கணவாய் பக்கம் வைத்து ஓட்ட ஆகும் செலவு

பன்னிரண்டு, பதினைந்து வருடம் ஆன பாக்ஸ்டரோ கேமனோ இன்று ஒரு புது எஸ்யூவி விலைக்கே கைக்கு வந்துவிடும். வண்டியின் விலைதான் இறங்கியிருக்கிறது. கிளட்ச், ரேடியேட்டர், சஸ்பென்ஷன் ஆர்ம் எல்லாம் இன்றும் போர்ஷே விலையில்தான். அதனால் வாங்கிய விலையை வைத்துப் பராமரிப்புச் செலவைக் கணக்கிடுவது தப்புக் கணக்கு. இன்னொன்றும் உண்டு: இந்த வயதில் ஓட்டிய கிலோமீட்டரைவிட, கழிந்த வருடங்கள்தான் அதிகம் செலவு வைக்கும். குறைவாக ஓடிய வண்டி என்று கூடுதலாகக் காசு கொடுப்பவர்கள் ஏமாறும் இடம் இது. ரப்பரும் பிளாஸ்டிக்கும் ஷெட்டில் நின்றாலும் கெடும்.

இங்கே பேசுவது 987 என்ற தலைமுறையைப் பற்றி. 2004 கடைசியிலிருந்து 2012 வரை வந்தவை. வாளையார், கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், கோவிந்தாபுரம் எனத் தமிழ்நாடு-கேரள எல்லையின் இருபுறமும் புழங்குகிறவர்களுக்கு ஏற்றபடி கணக்குப் போட்டிருக்கிறோம்.

முதலில் இன்ஜின். 2008 மாடல் வரை வந்தவற்றில் இன்ஜினின் இடைத்தண்டைத் தாங்கும் ஐஎம்எஸ் பேரிங் என்ற ஒன்று உள்ளே இருக்கும். அது உடைந்தால் இன்ஜினே போய்விடும். ஆரம்ப 987களில் சிலவற்றில் கியர்பாக்ஸை இறக்கினால் அந்தப் பேரிங்கை மாற்றலாம். அதன்பின் பெரிய பேரிங் வந்தது. அது அவ்வளவு சீக்கிரம் உடைவதில்லை, ஆனால் இன்ஜினைப் பிரிக்காமல் வெளியே எடுக்க முடியாது. 2009 மாடலில் இன்ஜினையே புதிதாக வடிவமைத்தார்கள். அதில் இந்தப் பேரிங் கிடையாது. கையில் இன்னும் இரண்டு மூன்று லட்சம் இருந்தால் 2009க்குப் பிந்தையதையே பாருங்கள். பணம் மிச்சமாகும் ஒரே இடம் அதுதான் என்போம்.

பழைய இன்ஜின்தான் அமைந்தது என்றால், கிளட்ச் எப்போது மாற்றினார்கள் என்று பில்லைக் கேளுங்கள். கிளட்சுக்கு கியர்பாக்ஸ் இறங்கியே ஆக வேண்டும். பின்பக்க கிராங்க் சீல், ஃப்ளைவீல், ஐஎம்எஸ் எல்லாம் அந்த ஒரே கூலிக்குள் பார்த்துவிடலாம். தனித்தனியாகச் செய்தால் ஒவ்வொரு முறையும் அதே கூலி.

வாங்கும் முன் டியூராமெட்ரிக் போன்ற ஸ்கேனர் வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப்பில் வண்டியை மாட்டிப் பாருங்கள். கம்ப்யூட்டரில் இன்ஜின் ஓடிய மணி நேரம் பதிவாகியிருக்கும். மீட்டரில் உள்ள கிலோமீட்டரை அந்த மணியால் வகுங்கள். 30க்கு மேல் வந்தால் இயல்பு. 40,000 கி.மீ. காட்டும் வண்டியில் 2,500 மணி நேரம் இருந்தால் சராசரி 16 கி.மீ. வேகம்தான். ஒன்று அது பெங்களூரு நெரிசலிலேயே கிடந்திருக்க வேண்டும், இல்லை மீட்டரைத் திருப்பியிருக்க வேண்டும். மேனுவல் கியர் என்றால் இன்ஜினை அளவுக்கு மேல் சுற்றவிட்ட பதிவுகளையும் எடுக்கச் சொல்லுங்கள். அவை சுற்று வேகத்துக்கேற்பப் படிகளாகப் பிரித்து, இன்ஜின் மணிக் கணக்கோடு சேர்த்துப் பதிவாகியிருக்கும். அண்மைக் காலத்தில் உயர்ந்த படிகளில் பதிவு இருந்தால் அந்த வண்டி வேண்டாம். புகைக்குழாய்களைத் துணியால் துடைத்து எண்ணெய்க் கரி ஒட்டுகிறதா என்று பாருங்கள், பின்சக்கரங்களுக்கு முன்னால் அடியில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் பின்னால் வெள்ளைப் புகை அடர்த்தியாகக் கிளம்பி, நிற்காமல் போனால், இன்ஜின் ஆவியிலிருந்து எண்ணெயைப் பிரிக்கும் ஆயில் செப்பரேட்டர் கிழிந்திருக்கிறது. அது கட்டாயச் செலவு, ஆனால் வண்டியை ஒதுக்கக் காரணம் அல்ல. அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம்.

ஆர்சி விஷயத்தில் இந்தப் பகுதிக்காரர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டு எண் வண்டியைப் பாலக்காட்டு வீட்டில் வைத்து, 12 மாதத்துக்கு மேல் கேரளத்திலேயே ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவுப்படி அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். பழைய ஆர்டிஓவிடம் படிவம் 28இல் என்ஓசி, புதிய இடத்தில் படிவம் 27. கேரளத்தில் விலை உயர்ந்த காருக்கு வரி 20 சதவீதத்தைத் தாண்டும். வயதுக்கேற்பக் கழிவு உண்டு, ஆனால் கணக்குத் தொடங்குவது வண்டி புதிதாக விற்ற விலையில். எனவே முன்பணம் கொடுக்கும் முன்பே ஆர்டிஓவில் தொகையைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். புதுச்சேரி எண் வண்டி மலிவாக வந்தால், பதிவு முகவரியில் உண்மையில் யாராவது குடியிருந்தார்களா என்று விசாரியுங்கள். 2025 செப்டம்பரில் சுங்கத்துறை, பூட்டான் வழியாகக் கொண்டுவந்து விற்றதாகச் சொல்லப்பட்ட சொகுசு வண்டிகளைக் கேரளத்தில் கைப்பற்றியது. முதல் உரிமையாளர் வரை பின்னோக்கிக் காகிதம் இல்லாத வண்டியைத் தொடவே வேண்டாம்.

15 வருடம் முடியும் வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 5,000 ரூபாய். இறக்குமதி வண்டி என்று ஆர்சியில் இருந்தால் 40,000. 20 வருடம் தாண்டியவற்றுக்கு 2025இல் இவை 10,000, 80,000 என்று உயர்ந்தன. 2008 மாடலை வாங்குகிறவருக்கு இந்தச் செலவு எங்கோ தூரத்தில் இல்லை, வாசலில் நிற்கிறது.

பெட்ரோல். இந்த இன்ஜின்களுக்கு 95 ஆக்டேனுக்குக் குறையாமல் வேண்டும். நம் ஊர்ச் சாதாரண பெட்ரோல் பல காலம் 91ஆக இருந்தது. ஆக்டேன் குறைந்ததைப் போட்டால், இன்ஜின் தட்டலை உணரும் நாக் சென்சார் தீப்பொறி டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும், இழுவை குறையும், சூடு ஏறும். 95 பெட்ரோலையே போடுங்கள். ஊர்ச் சாலைக்கும் மலைப் பாதைக்கும் சேர்த்து லிட்டருக்கு 8 கி.மீ. என்று வையுங்கள். வருடம் 6,000 கி.மீ. ஓட்டினால் 750 லிட்டர். லிட்டர் 115 ரூபாய் என்றால் 86,250 ரூபாய். இப்போது கலக்கும் 20 சதவீத எத்தனாலில் வெப்ப ஆற்றல் ஆறு ஏழு சதவீதம் குறைவு என்பதையும் சேர்த்தே இந்த 8. இந்த வண்டிகள் அந்தக் கலவைக்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஓடுவது பெரிய கவலை இல்லை, மாதக்கணக்கில் பாதி டேங்குடன் நிறுத்துவதுதான் கெடுதல். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். நிறுத்தும் முன் டேங்கை நிரப்புங்கள், வருடத்துக்கு ஒருமுறை பெட்ரோல் ஹோஸ்களை விரலால் அழுத்திப் பாருங்கள். வெடிப்போ பிசுபிசுப்போ இருந்தால் மாற்றுங்கள்.

இன்ஜின் ஆயில் ஏழரை முதல் எட்டு லிட்டர் பிடிக்கும். போர்ஷே ஏ40 தரம் அச்சிட்ட 0டபிள்யூ-40 அல்லது 5டபிள்யூ-40. கையேட்டில் நீண்ட இடைவெளி போட்டிருந்தாலும், வருடம் ஒருமுறை அல்லது 8,000 கி.மீ., இரண்டில் எது முந்துகிறதோ அப்போது மாற்றுங்கள். பழைய ஃபில்டரை எறியாமல் காகித மடிப்புகளை விரித்துப் பாருங்கள். பழுப்புப் பிளாஸ்டிக் துணுக்கு என்றால் செயின் வழிகாட்டி தேய்கிறது. காந்தத்தில் ஒட்டும் பளபளப்புத் துகள் என்றால் பேரிங், வண்டியை அத்தோடு நிறுத்திவிடுங்கள். எட்டு லிட்டர் ஆயில் செலவில் பல லட்சத்துச் சேதத்தை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் சோதனை இது, தயவுசெய்து விடாதீர்கள்.

கூலிங்தான் நம் பக்கத்தில் அதிகம் உதைக்கும் இடம். இன்ஜின் நடுவில், ரேடியேட்டர்கள் முன் பம்பரின் இரு மூலையிலும். அவற்றுக்கு முன்னால் ஏசி கண்டென்சர். காற்றுத் துளை வழியே இலை, பிளாஸ்டிக் பை, புழுதி எல்லாம் புகுந்து இரண்டுக்கும் நடுவே அடைகின்றன. மழையில் நனைந்த இலை மட்கி, அலுமினியத்தை அரிக்கிறது. ஏசி குளிர்ச்சி குறைகிறது என்று கேஸ் மட்டும் நிரப்பிக்கொண்டே இருப்பவர்கள், ஓட்டை கண்டென்சரில் இருப்பதைப் பார்ப்பதே இல்லை. வருடம் ஒருமுறை, மே மாதத்தில், முன் பம்பரைக் கழற்றி மென்மையான தண்ணீர்ப் பீச்சலில் பின்னிருந்து முன்னாகக் கழுவச் சொல்லுங்கள். பிரஷர் வாஷர் பக்கம் போகவே கூடாது, தகடுகள் மடங்கிவிடும். அரித்த ரேடியேட்டரை ஆர்கான் வெல்டிங் போட்டுக் கொஞ்ச நாள் ஓட்டலாம், கோவையில் அதற்கு நல்ல கைகள் உண்டு. கண்டென்சருக்கு அது நிற்காது.

வாட்டர் பம்பின் இறக்கை பிளாஸ்டிக். உடைந்தால் துண்டுகள் குழாய்க்குள் போய்ச் சிக்கும். கடைசியாக மாற்றிய பில் இல்லையென்றால் பம்ப், தெர்மோஸ்டாட், கூலண்ட் டேங்க் மூன்றையும் வாங்கிய முதல் வருடத்திலேயே மாற்றுங்கள். டேங்க் பின்னால் டிக்கியில் இருக்கிறது; அங்கே கம்பளம் ஈரமாக, இனிப்பு வாடையுடன் இருந்தால் அது வெடித்திருக்கிறது. கூலண்ட் மொத்தம் இருபது லிட்டர் அளவில் பிடிக்கும். முன்னாலிருந்து நடுவரை நீளும் குழாய்களில் காற்று தங்கிவிடுமாதலால் வேக்குவம் கருவி இல்லாத மெக்கானிக்கிடம் இந்த வேலையைக் கொடுக்க வேண்டாம்.

பாக்ஸ்டரில் துணிக் கூரை. அதன் இரு பக்கத்திலும் மழைநீர் வடியும் துளைகள் உண்டு. அவை அடைத்தால் தண்ணீர் கதவு வழியாக அல்ல, தரைக் கம்பளத்தில்தான் தெரியும். அலாரம், இம்மொபிலைசர் பெட்டி இருக்கைக்கு அடியில் இருப்பதால் ஒரு இரவு மழை போதும், காலையில் வண்டி உயிர்க்காது. தென்மேற்குப் பருவத்துக்கு முன்பும் ஐப்பசி மழைக்கு முன்பும் வளையும் பிளாஸ்டிக் கம்பியை விட்டுத் துளைகளைச் சுத்தம் செய்யுங்கள். ஒரு குவளை தண்ணீர் ஊற்றினால் பின்சக்கரத்துக்கு முன்னால் கொட்ட வேண்டும். மாமரத்தடியில் நிறுத்துகிறவர்கள் மாதம் ஒருமுறை பாருங்கள். ஈரம் ஏறினால் இக்னிஷன் காயில்களும் தகராறு செய்யும். ஆறு காயில், மேலுறை வெடித்திருந்தால் மழைநாளில் இன்ஜின் தடுமாறும். ஒன்று போனால் ஆறையும் பிளக்குகளோடு சேர்த்து மாற்றிவிடுங்கள்.

ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் பாதையில் 40 கொண்டை ஊசி வளைவு. ஏறுவது சுகம், இறங்கும்போது பிரேக் ஆயில் பழையதாக இருந்தால் கால் அமுங்கிக்கொண்டே போகும். டாட் 4 ஆயில் புதிதாக 230 டிகிரியில் கொதிக்கும். ஈரம் குடித்தபின் அந்தத் தரத்துக்கு வைத்திருக்கும் கீழ் எல்லை 155தான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்பது கையேடு. மலை ஏறுகிறவர்கள் வருடா வருடம் மாற்றுவதே சரி. இரண்டாம் கியரில் இறங்குங்கள்.

டயர் 18 அங்குலத்தில் முன்னால் 235/40, பின்னால் 265/40. பின் டயர் உள்ஓரத்தில் தேயும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. கை விட்டுத் தடவிப் பாருங்கள். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கம் வாரமும் வருடமும்: 2319 என்றால் 2019இன் 23ஆம் வாரம். எவ்வளவு குறைவாகத் தேய்ந்திருந்தாலும் ஆறு வருடத்தில் கழற்றுங்கள். வேகத்தடையில் டக்டக் சத்தம் வந்தால் பெரும்பாலும் கண்ட்ரோல் ஆர்ம். பாகத்தைத் தயாரிக்கும் லெம்ஃபோர்டர் போன்ற கம்பெனியின் பெட்டியில் வாங்கினால் போர்ஷே பெட்டியைவிடக் குறைவு. கிளட்சுக்கு சாக்ஸ், ஃபில்டருக்கு மாலே, இதே கணக்கு. சேசிஸ் எண்ணை வைத்துப் பார்ட் நம்பரை முதலில் உறுதி செய்யுங்கள். சென்னை புதுப்பேட்டையில் கதவு, விளக்கு, இருக்கை போன்றவை தேடலாம். ரப்பரோ பேரிங்கோ பழையதை வாங்காதீர்கள்.

இன்சூரன்ஸில், 1500 சிசிக்கு மேல் மூன்றாம் நபர் பிரீமியத்தை 2022இல் வருடம் 7,897 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். சொந்தச் சேதப் பாலிசியில் பத்து வருடம் தாண்டிய உலோகப் பாகத்துக்கும், எந்த வயதிலும் பிளாஸ்டிக், ரப்பருக்கும் பாதியைக் கழித்துக்கொள்வார்கள். பம்பர் உடைந்தால் பாதி உங்கள் பணம். இந்தக் கழிவு இல்லாத ஜீரோ டிப்ரிசியேஷன் பாலிசி பழைய வண்டிக்குக் கிடைப்பது அரிது.

மொத்தமாகப் போட்டால், பெட்ரோல் போக, ஆயிலும் பிரேக்கும் ஃபில்டரும் 30,000, டயருக்கு எடுத்துவைக்க 30,000, திடீர்ச் செலவுக்கு ஒன்றரை லட்சம். பெட்ரோலும் இன்சூரன்ஸும் சேர்த்து வருடம் மூன்றரை லட்சம் ஒதுக்குங்கள். திடீர்ச் செலவுப் பணம் ஒரு வருடம் மிச்சமானால் தொடாதீர்கள், கிளட்ச் வருடத்தில் மொத்தமாகக் கேட்கும். வாங்கும் நாளிலேயே வண்டி விலையில் ஐந்தில் ஒரு பங்கு தனியாக இல்லையென்றால் ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள்.

வாரக்கணக்கில் நிற்கும் வண்டிக்குப் பேட்டரி மெயின்டெய்னர் சார்ஜர் வாங்கி வையுங்கள். பேட்டரி முன் டிக்கிக்குள், டிக்கிப் பூட்டோ மின்சாரத்தில் திறப்பது. பேட்டரி செத்தால் திறக்க முடியாது. கால் வைக்கும் இடத்து ஃபியூஸ் பெட்டியில் சிவப்பு முனை ஒன்றை வெளியே இழுக்கலாம். அதில் வேறு பேட்டரியின் பிளஸ்ஸையும், கதவுக் கீலில் மைனஸையும் கொடுத்து, சாவி பொத்தானால் டிக்கியைத் திறக்கலாம். அந்த முனை எங்கே என்று வெளிச்சம் இருக்கும்போதே ஒருமுறை தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள்.